நாளொரு படமும் வாய்மையும்

மனிதர் ஏற்கும் உறுதிகளுள் பெரியவற்றைக் காட்டிலும் சிறியனவே காத்தற்கு அரியவை. ஒருநாள் முழுதும் உண்ணாதிருத்தல் பலர்க்கும் கைகூடும். நாள்தோறும் ஒரு கவளம் குறைத்து உண்ணுதல் சிலர்க்கே கைகூடும். பெரிய உறுதி ஒருமுறை நம்மைச் சோதித்துவிட்டு அகன்றுவிடுகிறது. சிறிய உறுதியோ ஒவ்வொரு நாளும் வாயிலில் வந்து நின்று, ‘இன்று என்ன செய்தாய்?’ என்று கேட்கிறது. நியமம் ஏற்றுப் பழகிய நம் இல்லத்துத் தாய்மார்கள் இதனை நன்கறிவர்.

அத்தகைய சிறிய உறுதி ஒன்றைப் பற்றியும், அதனை மேற்கொண்டபோது நான் இழைத்த தவறு ஒன்றைப் பற்றியும், அத்தவறு என்னுள் எழுப்பிய வினாவைப் பற்றியும் இக்கட்டுரையில் எழுத விழைகிறேன். அவ்வுறுதி சமயம் சார்ந்ததன்று. நாளொன்றுக்கு ஒரு புகைப்படம் எடுத்து, அதனைத் திருத்திச் செப்பம் செய்து, வரிசையாகச் சேர்த்து வைத்தல் என்பதே அது. இது வெறும் பொழுதுபோக்கு அன்றோ, இதில் அறம் பற்றிய வினா எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் கேட்கலாம். தொடக்கத்தில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

ஒருவரின் பதினெட்டு ஆண்டுகள்

அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் ஜேமி லிவிங்ஸ்டன் என்றொருவர் வாழ்ந்தார். திரைப்பட ஒளிப்பதிவுத் துறையில் பணியாற்றியவர். 1979ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள், பார்டு கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த காலத்தில், அவர் ஒரு படம் எடுத்தார். மறுநாளும் ஒன்று எடுத்தார். சில வாரங்களில் அது வழக்கமாகி, பின்னர் உறுதியாகவே ஆகிவிட்டது. நாளொன்றுக்கு ஒரு படம். அது நன்றாக அமைந்தாலும் அமையாவிட்டாலும் அந்நாளுக்கு அதுவே படம். இரண்டாம் முறை எடுப்பதில்லை.

அவர் பயன்படுத்தியது போலராய்டு எஸ்.எக்ஸ்.-70 எனும் காமிரா. படம் எடுத்தவுடன் தாள் காமிராவிலிருந்தே வெளிவந்து, சில நிமிடங்களில் கண்ணெதிரே தானே தெளிவடையும். மற்றக் காமிராக்களைப் போல நெகடிவ் கிடையாது. ஆகவே பின்னர்த் திருத்தி அச்சிடுவதற்கும் இடமில்லை. நண்பர்களின் முகம், உணவுமேசை, தெருக்காட்சி, தொலைக்காட்சித் திரை, ஆளில்லாத அறை என்று அந்தந்த நாள் எதனைக் கொணர்ந்ததோ அதனையே அவர் எடுத்தார். பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேலாக இவ்வழக்கம் தொடர்ந்தது. ஏறத்தாழ 6,700 படங்கள் சேர்ந்தன.

இறுதியாண்டில் அவருக்கு மூளையில் கட்டி வளர்ந்தது. அப்போதும் அவர் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. மருத்துவமனைக் கட்டிலும், அறுவை செய்த தலையும், தளர்ந்த உடலும் அவ்வரிசையில் இடம்பெற்றன. இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர் திருமணம் செய்துகொண்டார். அதுவும் அவ்வரிசையில் உள்ளது. 1997ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள், தம் 41ஆம் பிறந்தநாளன்று, அவர் உயிர் நீத்தார். கடைசிப் படத்தின் நாளும் அதுவே. அப்படங்களை நண்பர்கள் ஒழுங்குபடுத்தி, 2007இல் அதே பார்டு கல்லூரியில் காட்சிக்கு வைத்தனர்.

இவ்வரலாற்றைப் படித்தபோது என்னை ஈர்த்தது அவருடைய கலைத்திறன் அன்று. அப்படங்களில் பல மங்கலானவை. சில எவர் எடுத்தாலும் அமையக்கூடியவை. விலக்காமையே என்னை ஈர்த்தது. மகிழ்ச்சியைச் சேர்த்தவர் நோயை நீக்கவில்லை. அழகிய நாளுக்கும் அழகற்ற நாளுக்கும் அவர் ஒரே அளவான தாளையே அளித்தார்.

நான் தொடங்கியது

பள்ளி ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஊரில் அமர்ந்திருந்த எனக்கு, மகன் தன் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கிக்கொண்டான். அதிலிருந்த காமிராவைக் கொண்டு ஓராண்டுக்கு நாளொரு படம் எடுப்பதென்று உறுதி பூண்டேன். பகலில் ஒரு படம் எடுத்துவிட வேண்டும். பொழுது சாய்வதற்குள் உணவை முடித்தபின், விளக்கடியில் அமர்ந்து அதனைத் திருத்தி, நாளும் எண்ணும் இட்டு வைக்க வேண்டும். இவையே நான் வகுத்துக்கொண்ட விதிகள்.

முதல் இருபது நாள்கள் எளிதாகக் கழிந்தன. கோயில் விமானம், மலை, தாமரை, பேரக்குழந்தையின் சிரிப்பு என்று கண்ணுக்கு இனியன யாவும் படமாயின. அதன்பின் எடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றியது. உண்மையில் பயிற்சி அங்கேதான் தொடங்கியது. அடுக்களைச் சுவரில் காலை ஏழு மணிக்கு விழும் வெயிற்கோடு மார்கழியில் ஓரிடத்திலும் பங்குனியில் வேறோரிடத்திலும் விழுவதை, அறுபது ஆண்டுகள் அவ்வீட்டில் வாழ்ந்தும் நான் அறிந்ததில்லை. நெல் அளக்கும் பழைய படியின் விளிம்பு ஒருபுறம் மட்டும் தேய்ந்திருப்பதைக் கண்டேன். என் பாட்டனாரும் தந்தையாரும் ஒரே பக்கமாகத் தலைவழித்து அளந்திருக்கின்றனர். ஒன்றைப் படமாக்க வேண்டுமெனில் முதலில் அதன்முன் நிற்க வேண்டும். நின்று பார்த்தால் எதுவும் அற்பமன்று. இந்நன்மையை இப்பொழுதுபோக்கு எனக்கு அளித்தது என்பதை மறுப்பதற்கில்லை.

நிற்க, இனித் திருத்தத்திற்கு வருவோம். படத்தைத் திருத்துதல் புதிய வழக்கமன்று. முன்னாள்களில் ஸ்டுடியோக்காரர் நெகடிவின்மீது கூரிய பென்சிலால் மெல்லத் தீட்டி, முகத்திலுள்ள அம்மைத் தழும்பையும் சுருக்கத்தையும் மறைப்பார். ‘டச்சிங்’ என்பது அவ்வேலைக்கு வழங்கிய பெயர். அதற்குத் தேர்ந்த கையும் நீண்ட பொழுதும் வேண்டும். பின்னர் தாமசு நோல், ஜான் நோல் எனும் உடன்பிறந்தார் இருவர் உருவாக்கிய ‘போட்டோஷாப்’ எனும் கணிப்பொறி நிரல் 1990இல் விற்பனைக்கு வந்தது. அப்போதும் கணிப்பொறியும் பயிற்சியும் தேவைப்பட்டன. இன்றோ கைப்பேசித் திரையில் வேண்டாத பொருளைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் இட்டால் போதும், அது மறைந்துவிடும். அது நின்ற இடத்தைச் சுற்றியுள்ள நீரையோ புல்லையோ கொண்டு கருவியே நிரப்பிவிடும். முன்னர் அருமையாக இருந்த செயல் இன்று எளிதாகிவிட்டது. செய்வதற்கு எளிதான தவறு, தவறென்று தோன்றுவதற்கு அரிதாகிவிடுகிறது.

நான் முதலில் சாய்ந்த படத்தை நிமிர்த்தினேன். இருண்ட பகுதியைச் சற்று வெளிச்சமாக்கினேன். பின்னர் மலைக்குக் குறுக்கே சென்ற மின்கம்பியை அழித்தேன். பின்னர்க் குளக்கரையில் கிடந்த நெகிழிப் பையை அழித்தேன். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியிலிருந்து சிறிதே விலகியிருந்தது.

நூற்று நாற்பத்து மூன்றாம் நாள்

அன்று தை மாதத்து விடியல். ஏரியின்மீது பனி படர்ந்திருந்தது. மலையின் நிழல் தலைகீழாக நீரில் விழுந்திருந்தது. இத்தகைய காட்சி ஆண்டில் நான்கைந்து நாள்களே கிட்டும். விரைந்து படம் எடுத்தேன். இரவு அதனைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, இடப்பக்கக் கரையில் ஒரு பெண்மணி குனிந்து புல் அறுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. பழைய சேலை, அருகில் ஒரு கிழிந்த சாக்கு. மலையின் நிழலுக்கு ஒட்டிய இடத்தில் அவர் இருந்தமையால், படத்தின் அமைதி கெட்டதாக எனக்குத் தோன்றியது. விரலால் ஒரு வட்டம் இட்டேன். அவர் மறைந்தார். அவர் நின்ற இடத்தில் பனியும் நீரும் வந்து அமர்ந்தன. இனி வேண்டியதில்லை என்று மூலப்படத்தையும் நீக்கினேன்.

அவ்வாண்டின் மிகச் சிறந்த படம் அதுவே என்று உறவினர் அனைவரும் கூறினர். அதனைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டமிட்டு வீட்டு நடையில் மாட்டினேன்.

இரண்டு மாதங்கள் கழித்து, வைக்கோல் கேட்டு அப்பெண்மணி எங்கள் வீட்டிற்கு வந்தார். நடையில் நின்றவர் படத்தைக் கண்டார். அருகில் சென்று உற்று நோக்கினார்.

“நயினாரே, இது நம்ம ஏரிதான? அன்னிக்கி நீங்க படம் புடிக்கச் சொல்ல நான் அங்கதான் புல்லு அறுத்துனு இருந்தேன். என்னக் காணமே?”

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. வியப்பு மட்டுமே இருந்தது. நான் உடனே விடையளித்தேன்: “அந்தப் பக்கம் படத்துல விழலம்மா.”

“அப்பிடியா” என்று கூறி, வைக்கோலைக் கட்டிச் சுமந்துகொண்டு அவர் சென்றார்.

முப்பத்தைந்து ஆண்டுகள் மாணவர்க்கு வாய்மையைக் கற்பித்த நான், கேட்ட கணத்திலேயே, சிறிதும் தயங்காமல் பொய்யுரைத்தேன். விரலால் செய்த பொய்யைக் காப்பதற்கு நாவாலும் ஒரு பொய் தேவைப்பட்டது. இரண்டாவது பொய் நேரும்வரை முதலாவது பொய் என்பதே எனக்குத் தெரியவில்லை. அன்றிரவு மூலப்படத்தைத் தேடினேன். நீக்கிய படங்களைக் கைப்பேசி சிறிது காலம் காத்து வைத்திருக்கும், அக்காலமும் கடந்துவிட்டிருந்தது. அந்த விடியற்காலையில் அவர் அங்கு இருந்தார் என்பதற்கு இருந்த ஒரே சான்றை நான் அழித்துவிட்டேன்.

காமிரா மெய்யுரைக்கிறதா?

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று எழும். அதனை எனக்கு நானே பலமுறை கூறிக்கொண்டேன். காமிரா எப்போதுதான் முழு உண்மையைக் கூறியது? எங்கே நிற்பது, எதனைச் சட்டத்துக்குள் கொள்வது, எதனை வெளியே விடுவது என்பன யாவும் எடுப்பவரின் விருப்பமே. நான் நான்கு அடி வலப்பக்கம் நகர்ந்து நின்றிருந்தால் அப்பெண்மணி படத்தில் விழுந்திருக்கவே மாட்டார். அப்போது தவறில்லை, விரலால் அழித்தால் மட்டும் தவறா?

இவ்வாதத்திற்குப் புகைப்பட வரலாற்றிலேயே தக்க சான்றுகள் உண்டு. 1838இல் பாரிசு நகரில் டகேர் என்பவர் தம் சாளரத்திலிருந்து ஒரு வீதியைப் படம் எடுத்தார். அக்காலத்தில் ஒரு படம் பதிவதற்குப் பல நிமிடங்கள் ஆகும். வண்டிகளும் மக்களும் சென்றுகொண்டிருந்த வீதி அது. ஆயினும் படத்தில் வீதி வெறிச்சோடிக் கிடக்கிறது. அசைந்துகொண்டிருந்தோர் எவரும் பதியவில்லை. காலணிக்கு மெருகிடக் காலை நீட்டி ஒரே இடத்தில் நின்ற ஒருவரின் உருவம் மட்டும் வீதியோரத்தில் தெரிகிறது. டகேர் எவரையும் அழிக்கவில்லை. ஆயினும் ஒரு வீதி நிறைந்த மக்கள் மறைந்துபோயினர்.

ஆன்சல் ஆடம்சு எனும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் 1941இல் நியூமெக்சிகோ மாநிலத்தில், எர்னாண்டசு எனும் சிற்றூரின்மீது நிலவு எழும் காட்சியை எடுத்தார். அதே நெகடிவிலிருந்து பல பத்தாண்டுகள் அவர் மீண்டும் மீண்டும் அச்சிட்டார். ஆண்டுகள் செல்லச் செல்ல வானத்தை மேன்மேலும் இருளாக்கினார். முற்பட்ட அச்சுகளில் தெரிந்த மெல்லிய மேகங்கள் பிற்பட்டவற்றில் இருளில் அடங்கின. இளமையில் பியானோ பயின்றவராதலின், நெகடிவை இசைக்குறிப்புக்கும் அச்சை அதனை வாசித்துக் காட்டுதலுக்கும் அவர் ஒப்பிட்டார். அவரைப் பொய்யர் என்று எவரும் கூறுவதில்லை.

ஆகவே, திருத்தம் யாவும் பொய் என்பது பொருந்தாது. திருத்தாத படம் யாவும் மெய் என்பதும் பொருந்தாது. எந்தப் படமும் ஓரிடத்தில் நின்று ஒரு கணத்தில் கண்ட ஒருபக்கப் பார்வையே. பொருளைப் பல நோக்கில் காண வேண்டும் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அங்ஙனமாயின் எல்லை எங்கே?

எல்லை எது?

மூன்று நிகழ்ச்சிகளை ஈண்டுக் கருதலாம். 1982 பிப்ரவரியில் ‘நேஷனல் ஜியாகிரபிக்’ எனும் புகழ்பெற்ற இதழ் எகிப்து நாட்டுப் பிரமிடுகளின் படத்தை அட்டையில் வெளியிட்டது. அகலவாக்கில் எடுத்த படத்தை நெடுவாக்கிலுள்ள அட்டையில் பொருத்துவதற்காக, கணிப்பொறியின் துணையால் ஒரு பிரமிடை மற்றொன்றின் அருகே நகர்த்திவிட்டனர். அப்படத்தால் எவர்க்கும் பொருளிழப்பு நேரவில்லை. ஆயினும் கண்டனம் பெரிதாக எழுந்தது. உள்ளதை உள்ளவாறு காட்டும் என்று நம்பி வாசகர் கையில் எடுத்த இதழ் அது என்பதே அதற்குக் காரணம்.

இரண்டாவது, சோவியத்து நாட்டில் நிகழ்ந்தது. மறைவுக் காவல்துறையின் தலைவராக இருந்த யெசோவ், கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்கு அருகில் நின்ற படம் ஒன்றுண்டு. அவர் பதவியிழந்து, 1940இல் கொல்லப்பட்டார். அதன்பின் அப்படத்திலிருந்தும் நீக்கப்பட்டார். அவர் நின்ற இடத்தில் கால்வாயின் நீர் தீட்டப்பட்டது. யெசோவ் பல உயிர்கள் மாளக் காரணமானவர். அவர்பொருட்டு நாம் இரங்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த நீரைப் பற்றிப் படித்தபோது என் ஏரி நீர் நினைவுக்கு வந்தது.

மூன்றாவது, 2010இல் நிகழ்ந்தது. உலக ஊடகப் புகைப்படப் போட்டியில் பரிசு பெற்ற படம் ஒன்று விலக்கப்பட்டது. அப்படக்காரர் மூலப்படத்தின் பெரும்பகுதியை வெட்டிவிட்டு, ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்து, வண்ணத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றியிருந்தார். அவற்றின்பொருட்டு விலக்கு நேரவில்லை. பின்னணியில் தெரிந்த ஒருவரின் காலில் ஒரு சிறு பகுதியை அழித்திருந்தார். அதன்பொருட்டே பரிசு மறுக்கப்பட்டது. பெரும்பகுதியை வெட்டியது குற்றமன்று, சிறு துண்டை அழித்தது குற்றம் என்பது முதலில் விந்தையாகத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் நியாயம் விளங்கும். வெட்டிய படம், ‘நான் இவ்வளவே காட்டுகிறேன்’ என்கிறது. அழித்த படமோ, ‘இங்கே வேறொன்றும் இல்லை’ என்கிறது. முன்னது மௌனம், பின்னது பொய்.

என் வினாவிற்கு விடை இதுவே. நான்கு அடி நகர்ந்து நின்றிருப்பின் அப்பெண்மணியைப் பற்றி என் படம் ஒன்றும் கூறியிராது. நான் அழித்தமையால், அவர் அங்கு இல்லை என்று அது கூறிற்று. டகேரின் வீதியில் மக்கள் மறைந்தது கருவியின் குறை; என் ஏரியில் ஒருவர் மறைந்தது என் மனத்தின் குறை. ஆடம்சின் வானத்தைக் காண்போர் அது அவருடைய கலை என்று அறிந்தே காண்கின்றனர். என் நடையிலுள்ள படத்தைக் கண்டோரோ, அன்று ஏரி அவ்வாறே இருந்தது என்று நம்பினர்.

இல்லறத்தார் ஏற்கும் பொய்யாமை எனும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் கூறுகிறது. அவற்றுள் ஒன்று கூடலேகக் கிரியை. அஃதாவது பொய்யான பத்திரத்தை ஆக்குதல். மற்றொன்று நியாசாபகாரம். ஒருவர் நம்பி வைத்த பொருளை, அவர் அளவு மறந்து குறைத்துக் கேட்கும்போது, ‘ஆம், அவ்வளவே’ என்று கொடுத்து எஞ்சியதைக் கவர்ந்துகொள்ளுதல் என்று அதற்கு விளக்கம் கூறுவர். புகைப்படம் என்பதே இல்லாத காலத்து நூல் அது. எனினும் என் செயலை இவ்விரண்டின் நிழலிலும் கண்டேன். நாளும் எண்ணும் இட்டு வைத்த படம் அந்நாளுக்கான பத்திரம் அன்றோ? அப்பெண்மணியின் உருவம், அவர் அறிந்தோ அறியாமலோ என்னிடம் வந்து தங்கிய அடைக்கலப் பொருள் அன்றோ? அவர் வந்து கேட்டபோது, ‘இங்கே இல்லை’ என்றேன்.

நான் சென்று கூறியது

பத்து நாள்கள் இவ்வெண்ணம் என்னை விடவில்லை. பதினோராம் நாள் ஏரிக்கரைக்குச் சென்று அவரைக் கண்டேன். நடந்ததைக் கூறினேன். “படத்துல நீ இருந்தம்மா. நான்தான் அழிச்சிட்டேன். அன்னிக்கி உங்கிட்ட பொய் சொன்னேன்” என்றேன். அவர் சற்று நேரம் அரிவாளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அதுக்கு இன்னா நயினாரே, பழைய சீலதான கட்டினு இருந்தேன்” என்றார்.

நான் அழித்ததற்கான காரணத்தை, நான் கூறாமலே அவர் அறிந்திருந்தார். அதுமட்டுமன்று, அதனை நியாயம் என்றே ஏற்றுக்கொண்டிருந்தார். அவர் சினந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அப்போது ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். மறுத்துவிட்டார். “நாளைக்கி வரேன், நல்லதா ஒண்ணு கட்டினு வரேன்” என்றார். மறுநாள் காலை மஞ்சள் நிறச் சேலை உடுத்து, பூச்சூடி வந்து, ஏரிக்கரையில் நிமிர்ந்து நின்றார். கையில் அரிவாள் இல்லை, சாக்கும் இல்லை. அன்று பனியும் இல்லை. எடுத்த படத்தில் எந்தத் திருத்தமும் செய்யவில்லை.

அதன்பின்னரே எனக்கு ஒன்று விளங்கியது. அவரும் ஒரு திருத்தம் செய்திருக்கிறார். புல் அறுப்பவர் பூச்சூடி நின்றார். அதனைப் பொய் என்று கூறலாகுமா? ஆகாது. தம்மை எவ்வாறு காட்டிக்கொள்வது என்பது அவரவர்க்கு உரிய விருப்பம். பிறரை எவ்வாறு காட்டுவது, காட்டாது மறைப்பது என்பது நம் கையிலிருப்பினும், அது நமக்கு மட்டும் உரியதன்று. காமிராவைப் பிடித்திருப்பவர்க்குக் கிடைக்கும் அதிகாரம் சிறிது. ஆனால் அதனைப் பெற்ற முதல் நாளிலேயே அவர் எளியவர்மீது அதனைச் செலுத்தத் தொடங்கிவிடுகிறார். மலையை நான் அழிக்கவில்லை, கோயிலை அழிக்கவில்லை. எதிர்த்துக் கேட்க மாட்டார் என்று எவரை எண்ணினேனோ அவரையே அழித்தேன்.

நம் இல்லங்களில்

இது புகைப்படம் பழகுவோர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. இன்று ஒவ்வோர் இல்லத்திலும் காமிரா இருக்கிறது. அழிக்கும் விரலும் இருக்கிறது. மணமகளின் படத்தை வரன் வீட்டார்க்கு அனுப்பும்போது நிறத்தை வெளுப்பாக்கி அனுப்புகின்றனர். நேரில் கண்டபின் எழும் மனத்தாங்கல் ஒருபுறமிருக்க, ‘உன் நிறம் மறைக்கத்தக்கது’ என்று பெற்றோரே தம் மகளிடம் கூறிவிடுகின்றனர். மறைந்த முதியோரின் படத்தைச் சுவரில் மாட்டும்போது முகச் சுருக்கங்களை நீக்கி, முப்பது வயது முகமாக்குகின்றனர். பேரக்குழந்தைகள் அறிந்த பாட்டி அப்படத்தில் இல்லை. குடும்பத்தில் மனவேறுபாடு நேர்ந்தபின், பழைய திருமணப் படத்திலிருந்து ஓர் உறவினரை வெட்டி நீக்கியதையும் கண்டிருக்கிறேன். பகை தீர்ந்து அவர் திரும்பி வந்தார். படத்தில் அவர் இடம் திரும்பவில்லை.

எனவே நான் மூன்று விதிகளை எனக்கு வகுத்துக்கொண்டேன். வாசகர்கள் தத்தம் நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். முதலாவது, மூலப்படத்தை அழிப்பதில்லை. தவறு செய்தாலும் திருத்திக்கொள்ள வழியிருக்க வேண்டும். இரண்டாவது, ஒளியையும் சாய்வையும் சரிசெய்யலாம், ஓரத்தை வெட்டலாம். அங்கிருந்த மனிதரை நீக்குவதில்லை, இல்லாதவரைச் சேர்ப்பதில்லை. மூன்றாவது, என்ன திருத்தம் செய்தாலும், படத்தைக் காண்பவர் கேட்டால் நாணமின்றி எடுத்துரைக்கத்தக்கதாக அஃது இருத்தல் வேண்டும். படத்திலிருப்பவரே வந்து கேட்டாலும் அவ்வாறே உரைக்க இயல வேண்டும். இம்மூன்றாவது விதியே மற்ற இரண்டுக்கும் வேர் என்று கருதுகிறேன். மின்கம்பியை அழித்தேன் என்று எவரிடமும் கூற எனக்குத் தயக்கமில்லை. அப்பெண்மணியை அழித்தேன் என்று கூறப் பத்து நாள்கள் ஆயின. அத்தயக்கமே அளவுகோல்.

லிவிங்ஸ்டனின் படங்களை இப்போது எண்ணும்போது, அவர் கைக்கொண்ட விதியின் கடுமை எனக்கு முன்னைவிட நன்கு விளங்குகிறது. ஒருநாளைக்கு ஒன்று, திருத்தமில்லை, விலக்கில்லை. அத்துணைக் கடுமை நம் அனைவர்க்கும் வேண்டும் என்று நான் கூறவில்லை. ஆயினும் ஒருநாளை அதன் குறையோடும் ஏற்று, ‘ஆம், இதுவும் நிகழ்ந்தது’ என்று எழுதி வைக்கும் துணிவில் சிறு பங்கேனும் நமக்கு வேண்டும். தம் நோயை மறைக்காதவரின் வரிசையைப் படித்து இவ்வழக்கத்தைத் தொடங்கிய நான், பிறர் ஒருவரின் பழைய சேலையைப் பொறுக்க இயலாமல் அவரையே நீக்கினேன் என்பதை எண்ணுந்தோறும் நாணுகிறேன்.

என் ஓராண்டு முடிந்தது. 365 படங்கள் உள்ளன. நடையில் மாட்டிய ஏரிப் படத்தை எடுத்துவிடலாம் என்று வீட்டார் கூறினர். எடுத்துவிட்டால் அது மீண்டும் ஓர் அழிப்பாகும் என்று விட்டுவைத்தேன். சட்டத்தின் கீழே ஒரு வரி எழுதி ஒட்டியிருக்கிறேன்: ‘இவ்விடியலில் கரையில் ஒருவர் புல் அறுத்துக்கொண்டிருந்தார், அவரை நான் நீக்கினேன்.’ அருகிலேயே மஞ்சள் சேலைப் படமும் தொங்குகிறது. வருவோர் முதலில் பனி படர்ந்த ஏரியைப் பார்க்கின்றனர். பின்னர் அவ்வரியைப் படிக்கின்றனர். அதன்பின் பக்கத்துப் படத்தில் இருப்பவர் யார் என்று கேட்கின்றனர். கேட்போர் ஒவ்வொருவர்க்கும் நடந்ததைக் கூறுகிறேன். கூறும்போது நாணம் இன்னும் இருக்கிறது. தயக்கம் மட்டும் இல்லை.